தலை வரும் வரை

மாப்பிள்ளை புது வீட்டுக்குக் குடிபோன அன்று குடும்பப் படம் எடுக்கும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். யாரும் கொடுக்கவில்லை. அடுத்த முறை நாங்கள் போனபோது, சாப்பாட்டு மேசையில் எல்லாரும் இருக்கையில் அவர் அந்தப் படத்தைத் தூக்கிக் காட்டினார். தோள்கள் கச்சிதம். கைமடிப்புகள் கச்சிதம். ஒருவருக்கும் தலை இல்லை.

"மாமா, இது குடும்பப் படமா, தையல்கடை விளம்பரமா?"

நான் வாழ்நாள் முழுக்கத் தையல்காரன். எனக்கு மனிதன் என்றால் தோளில் தொடங்கிக் கணுக்காலில் முடிகிறவன். அதற்கு மேலே இருப்பது வாடிக்கையாளர் குறை சொல்வதற்காக வைத்திருக்கும் உறுப்பு.

எல்லாரும் சிரித்தார்கள். பொறுத்துக்கொண்டேன். என் மனைவியும் சிரித்தாள். சிரித்துவிட்டு, "கல்யாணம் ஆனதுலேர்ந்து எடுக்கறாரு. ஒரு படத்துலயாவது எனக்குக் கழுத்துக்கு மேல ஏதாவது இருந்திருக்கா?" என்றாள்.

எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த டம்ளர் தண்ணீர் வெந்நீராகிவிட்டது. குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டதால் பதில் சொல்ல முடியவில்லை.

மறுநாள் காலை எங்கள் குடியிருப்பின் படிக்கட்டுத் திருப்பத்தில் நாற்காலியைப் போட்டு, கேமராவோடு உட்கார்ந்தேன். சபதம் இதுதான்: இடத்தை விட்டு நகரக் கூடாது. மேற்படிகளைப் பார்த்த கேமராவைத் திருப்பக் கூடாது. இறங்கி வருபவரின் தலை தெரியாமல் பொத்தானை அமுக்கக் கூடாது. என் மனைவியின் முகம் முழுசாக விழும்வரை அவளோடு பேசக் கூடாது. குளியலறைக்கு மட்டும் விலக்கு. கோபம் வேறு, வயசு வேறு.

அங்கே மேல்தளம் மறைப்பதால் இறங்குகிறவர் முதலில் செருப்பாக வருவார். பிறகு முழங்கால், இடுப்பு, சட்டை. தலை கடைசியில்தான் வரும். என் விரலுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. காலரைக் கண்டதும் அமுக்கிவிடும். மூன்றாம் மாடி வாத்தியார் காலர்வரை பிரமாதமாக விழுந்தார். பல் டாக்டரும் அப்படியே. கடைசியில் சட்டைக்குப் பொத்தான் தைக்கும் நூலால் விரலை நாற்காலிக் கையோடு கட்டினேன். இழுத்து அறுப்பதற்குள் தலை வந்துவிடும் என்று கணக்கு.

தலைகள் வந்தன. எல்லாம் கடுகடு.

"வழியில உக்காந்துக்கிட்டு என்ன சார் இது?" என்றார் வாத்தியார்.

"எல்லாருக்கும் மூஞ்சி இப்படித்தான் இருக்கும்னு இப்பதான் தெரியுது."

"நாற்காலிய எடுங்க, வேற மூஞ்சி தெரியும்."

எடுக்கவில்லை. பல் டாக்டர் என்னைத் தாண்டிக் குதித்துவிட்டுத் திரும்பிப் பார்த்த பார்வையில் என் மூக்குக்கண்ணாடியின் இடது பக்கம் விரிசல் விட்டது. வலது கண்ணால் தொடர்ந்தேன்.

வர வேண்டிய தலை மட்டும் வரவில்லை. மொட்டைமாடியில் துணி காயப்போட அவள் தினமும் ஏறியாக வேண்டும். நான் குளியலறைக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டதும் ஏறினாள். அடுத்த முறை நான் உள்ளே போய்ச் சாத்தும் சத்தம் கேட்டதும் இறங்கினாள். நான் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினேன்.

ஒரு மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. வேறு வழியில்லை. என் முழங்காலை வேண்டுமென்றே இடித்துக்கொண்டு மேலே ஓடினாள். நான் விரலைக் கட்டினேன்.

ஈரச் செருப்பு வந்தது. முழங்கால் வந்தது. இடுப்புக்கு மேலே துணிமூட்டை வந்தது. மூட்டைக்கு மேலே ஒன்றும் இல்லை. நான் போர்த்திக்கொள்ளும் போர்வையே அவள் முகத்தை மறைத்துக்கொண்டிருந்தது. விரல் துடித்தது. விடவில்லை.

கடைசிப் படியில் நின்றாள்.

"எழுந்திரிங்க."

நான் வாய் திறக்கவில்லை.

"கை கடுக்குது. எழுந்திரிங்கன்னேன்."

அசையவில்லை. மூட்டையைத் தொப்பென்று என் மடியில் போட்டாள். நெற்றி, மூக்கு, தாடை எல்லாம் ஒரே சமயத்தில் வந்தன. எல்லாம் எரிந்துகொண்டிருந்தன. நூல் அறுந்தது.

"இப்ப பேசலாம்" என்றேன். "மாப்பிள்ளையோட சேந்துக்கிட்டு நீ எதுக்குச் சிரிச்ச?"

"தலையில்லாதவ அழுதா யாருக்குத் தெரியும்? அதான் சிரிச்சேன்."

அதற்கும் எனக்குக் கோபம்தான் வந்தது. யார்மேல் காட்டுவது என்று புரியாததால் மாப்பிள்ளைமேல் வைத்துக்கொண்டேன்.

படிக்கட்டில் விழுந்த அவள் படத்தைப் பெரிதாகப் போட்டு, அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு நேர் எதிரே நானே ஆணியடித்து மாட்டினேன். அன்றிலிருந்து அந்த வீட்டில் பால் தானாகத் திரிகிறது. பல்லி அந்தச் சுவரைச் சுற்றிக்கொண்டு போகிறது. மாப்பிள்ளை பாதியாக இளைத்துப்போய்ப் போன் பண்ணினார்.

"மாமா, அத்தை படத்த வேற ரூம்ல மாட்டிக்கட்டுமா? சாப்பிட உக்காந்தா தட்டையே பாக்கறாங்க."

அவள் போனைப் பிடுங்கினாள். "மாட்டின எடத்துலயே இருக்கட்டும் மாப்பிள்ளை. இத்தன வருஷம் கண்ணே இல்லாம இருந்தவ. கொஞ்ச நாள் பாத்துக்கறேன்."

அந்தப் படத்தில் அவளுக்கு இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை. அதைச் சொல்லும் தைரியம் இன்றுவரை ஒருவருக்கும் வரவில்லை.