கூண்டிலிருந்து வரைந்த படம்

எங்கள் கோர்ட்டில் குற்றவாளிக் கூண்டுக்குள் யாரும் சும்மா கால் வைக்க மாட்டார்கள். பெருக்க வரும் அம்மிணிகூட வெளியே நின்று துடைப்பத்தை நீட்டித்தான் கூட்டுவாள். பெஞ்ச் கிளார்க்காக அதன் பக்கத்திலேயே காலம் தள்ளியவன் நான். என் முழங்கைகூட அதில் பட்டதில்லை.

மாஹேயிலிருந்து வந்த வினயாவுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? ஓய்வுபெறும் நீதிபதியின் படத்தை ஹாலில் மாட்டுவது இங்கே வழக்கம். நம்பியார் சாரை வரைய வந்தவள் நேராகக் கூண்டுக்குள் ஏறிப் பலகையை ஊன்றிவிட்டாள்.

"மோளே, அங்க நிக்கக்கூடாது!" என்று பதறினேன்.

"இங்கேருந்துதான் வெளிச்சம் சரியா இருக்கு பவித்ரேட்டா. என்ன, எனக்கும் தூக்குப் போட்டுடுவாரா?"

சார் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முடிந்த படத்தை அவருடைய ஆசனத்துக்கு எதிரே, கூண்டுக்கு மேலே, கடிகாரத்தை ஒட்டி மாட்டினோம். அச்சு அசல் சார்தான். ஆனால் எங்கே நின்று பார்த்தாலும் அந்தக் கண் நம் மேல் படவில்லை. நம் தலைக்கு மேலே எதையோ பார்த்தது. அது எதுவென்று எனக்குத் தெரியும். தண்டனை சொல்லும்போது சார் ஆளைப் பார்த்ததே இல்லை. கடிகாரத்தைத்தான் பார்ப்பார்.

படத்தின் கீழ் விளிம்பில், கூண்டின் கட்டையைப் பிடித்தபடி இரண்டு கைகள். இடக்கையில் சுண்டுவிரல் இல்லை.

"இது யார் கை?" என்றார் சார்.

"என் கைன்னு நெனச்சுத்தான் சார் வரைஞ்சேன்." வினயா தன் பத்து விரலையும் விரித்துப் பார்த்துக்கொண்டாள்.

அந்தக் கையை நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

"சாத்துக்குட்டியோட கை சார்," என்றேன். "நீங்க தூக்குக்கு அனுப்பினீங்களே."

சார் என்னையே பார்த்தார். "அவனுக்கு விரல் இல்லையா?"

மறுநாள் அவருடைய கடைசி வழக்கு. லதீஷ் இரண்டு பேரை வெட்டிக் கொன்றது நிரூபணமாகிவிட்டது. தூக்கா, ஆயுளா என்பதுதான் மிச்சம். தூக்கு என்று கையெழுத்துப் போட்டதும் பேனா முள்ளை உடைப்பார்கள். அதற்கென்று ஒரு மட்டமான பேனாவை எடுத்துவைக்கும்படி போன வாரமே சார் சொல்லியிருந்தார். வைத்தேன்.

"ஏதாவது சொல்ல இருக்கா?"

சட்டப்படி கேட்டாக வேண்டிய கேள்வி. பதிலுக்கு அவர் காத்திருந்ததில்லை. வழக்கம்போலக் கடிகாரத்தைப் பார்க்க நிமிர்ந்தார். பக்கத்தில் அவர் படம், அவரையும் பார்க்காமல் இருந்தது. சார் மெல்லத் தலையைத் தாழ்த்தி லதீஷின் முகத்தைப் பார்த்தார்.

லதீஷ் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டான். "வெட்டுறப்போ நான் அவங்க மூஞ்சியப் பாக்கல சாரே," என்றான். "பாத்திருந்தா கை வந்திருக்காது."

சார் ஆயுள் என்றார். பேனாவை என்னிடமே திருப்பித் தந்தார்.

புதிதாக வந்த நீதிபதிக்கு அந்தப் படம் பிடிக்கவில்லை. "வேற எங்கயாவது மாத்துங்க பவித்ரன். அது எதிர்ல இருந்தா எனக்கு வேலையே ஓடல."

"ஏணி இல்ல சார்," என்றேன்.

ஏணி என் நாற்காலிக்குப் பின்னால்தான் சாய்ந்திருந்தது.