அவளுக்குக் கேட்காத தூரம்

மனைவியைக் கிடத்தியிருந்த குளிர்பெட்டிக்கு அடியில் மெக்கானிக் மல்லாந்து படுத்திருந்தார். கால்மாட்டுத் தகட்டைக் கழற்றி வைத்துவிட்டு, வாயில் இரண்டு திருகாணிகளைக் கவ்விக்கொண்டு, விசிறி எங்கே உரசுகிறது என்று டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே தெரிந்தது அவருடைய கால்கள் மட்டும்தான். துக்கம் கேட்க வந்தவர்கள், கால்களிடம் என்னவென்று கேட்பது என்று புரியாமல் ஓரமாக நாற்காலி பார்த்து உட்கார்ந்தார்கள்.

"அத்தான், இன்னிக்குமா இந்த வேல?" என்றாள் மச்சினி. இறந்துபோனவளின் தங்கை. காலையிலிருந்து வீட்டைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு நடப்பவள் அவள்தான்.

"விசிறி தட்டுது. இப்படியே விட்டா மத்தியானத்துக்குள்ள மோட்டார் படுத்துடும். பொண்ணு வந்து சேரணும்ல."

"வாடகைக்குக் குடுத்தவனக் கூப்பிட வேண்டியதுதான?"

"அவன் வந்தா ரெண்டு தட்டு தட்டிட்டுப் போவான்."

ஊரில் பாதி வீடுகளின் ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்த மனிதர். இந்தப் பெட்டியில் இன்னொருவன் கை படுவதை அவரால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. தூசியைத் துடைத்து, வளைந்திருந்த இறக்கையை விரலாலேயே நிமிர்த்தி, தகட்டை மூடிவிட்டு எழுந்தார். மோட்டார் ஒரே சீராக ஓடத் தொடங்கியது. அப்புறம் செய்வதற்கு அவருக்கு ஒன்றும் இல்லை. செய்ய ஒன்றும் இல்லை என்றதும் அந்தக் கேள்வி வந்து பிடித்துக்கொண்டது.

"கடைசியா எதாவது சொன்னாங்களா?"

எதிர்வீட்டு டீச்சர்தான் முதலில் கேட்டது. மெக்கானிக் திருதிருவென்று விழித்தார். பிறகு, "பொண்ணப் பாத்துக்கங்கன்னு சொன்னா" என்றார். வாய்க்கு வந்ததைச் சொன்னதுதான். ஆனால் மச்சினி காதில் விழுந்துவிட்டது. அடுத்து வந்தவர்களிடம் அவள் அதற்குக் கண் மூக்கு காது வைத்துச் சொல்ல ஆரம்பித்தாள். மகள் பேரைச் சொல்லித் தேடினாளாம். எல்லாரையும் நல்லாயிருங்க என்று வாழ்த்தினாளாம். சிரித்தபடியே கண்ணை மூடினாளாம். மெக்கானிக் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். மற்றவர்களிடம் எப்படியோ மழுப்பிவிடலாம். மகள் வந்து முகத்தைப் பார்த்துக் கேட்டால் என்ன சொல்வது என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை.

உண்மையில் மனைவி கடைசியாகச் சொன்னது, "ஏன் சொன்னீங்க?"

அவளுக்கு ஒரு வகைக் கதைதான் பிடிக்கும். எழுத்தாளன் ஒருவன் சாக வேண்டும். அதுவும் புத்தகங்கள் அடைந்த அறையில் சாக வேண்டும். வீடு பழையதாக, பெரியதாக, ஊரை விட்டுத் தள்ளி இருக்க வேண்டும். மூடுபனி இருந்தால் இன்னும் விசேஷம். அவன் எழுதிக்கொண்டிருந்த கதையைக் காணோம் என்றால் கேட்கவே வேண்டாம், அன்றைக்குச் சமையல் தீய்ந்துபோகும். வேலை முடிந்து வருகிற மெக்கானிக், ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறவளிடம் ஏதாவது சொல்வார். 'ம்' என்று பதில் வரும். அந்த 'ம்' எங்கோ மலையுச்சி வீட்டிலிருந்து வருகிறது என்று அவருக்குத் தெரியும். ஒரே அறையில் அவள் இருந்தும் அவர் தனியாகத்தான் இருந்தார். செத்துப்போன எழுத்தாளர்கள் மேல் அவருக்குப் பொறாமை என்றே சொல்லலாம்.

"அந்த மாதிரி வீட்ல ஒரு ஃபிரிட்ஜாவது இருக்குமா?" என்று ஒருநாள் சீண்டினார்.

"உங்களுக்கு வேல இல்லாத வீடுங்கறதாலதான் எனக்குப் புடிச்சிருக்கு."

"அப்படி என்னதான் இருக்கு அதுல? கடைசிப் பக்கத்தப் பாத்தா யாருன்னு தெரிஞ்சுட்டுப் போகுது."

"தெரிஞ்சுட்டா அந்த வீட்ட விட்டு வெளிய வந்துரணும்ங்க. தெரியாத வரைக்கும் உள்ளயே இருக்கலாம்."

அவருக்கு அது புரியவில்லை. புரியவில்லை என்று சொல்லவும் இல்லை.

வியாதி முற்றி, மருந்தில் அவள் கண் மங்கிப்போனபோது, படித்துக் காட்டும் வேலை அவர் தலையில் விழுந்தது. இயந்திரத்தின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் சீட்டைத் தவிர வேறெதையும் அக்கறையாகப் படித்தறியாதவர், அதே குரலில் கொலையையும் படித்தார். அலுப்பாக இருக்கிற இடங்களைத் தாண்டிப் போவார். அவள் கண்ணை மூடியபடியே, "மூடுபனிய எங்க விட்டீங்க?" என்பாள். அவர் முணுமுணுத்துக்கொண்டு பக்கத்தைத் திருப்பிப் பின்னால் போவார்.

நேற்றுச் சாயங்காலம் ஆஸ்பத்திரி நடையில் வைத்து டாக்டர், "இனிமே எதுவும் நம்ம கைல இல்ல" என்றார். மெக்கானிக் கட்டிலருகே வந்து உட்கார்ந்தார். புத்தகத்தில் இன்னும் எவ்வளவோ பாக்கி இருந்தது. பாதிக் கதையோடு அவளை அனுப்ப அவருக்கு மனம் ஒப்பவில்லை. கடைசிப் பக்கத்தைத் திருப்பினார், படித்தார், குனிந்து அவள் காதருகே சொன்னார்.

"எழுத்தாளரக் கொன்னது அந்த டைப் அடிக்கிற பொண்ணுதான். அவளே எழுதி ஒத்துக்கறா."

அவள் கண்ணைத் திறந்தாள். அவரை வெகுநேரம் பார்த்தாள். "ஏன் சொன்னீங்க?" என்று கேட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவ்வளவுதான். விடியும்வரை அவர் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விடிந்தபோது மூச்சு இல்லை. அத்தனை வருஷம் கூட வாழ்ந்தவள் கோபித்துக்கொண்டு போய்விட்டாள்.

ஆஸ்பத்திரிப் பை, உள்ளே அந்தப் புத்தகத்தோடு, அவர் காலடியில்தான் கிடந்தது. அவளிடமிருந்து பிடுங்கியது என்ன என்றாவது தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது. மோட்டாரைக் கவனிக்கிற சாக்கில் பெட்டியோரம் நாற்காலியைப் போட்டு, விட்ட இடத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். உதடு அசையாமல் அவருக்குப் படிக்க வராது.

அதைப் பார்த்துவிட்டு மைக் மாமா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவளுடைய தாய்மாமா. காது மந்தம். தனக்குக் கேட்காததால் உலகத்துக்கே கேட்காது என்று நினைத்துப் பேசுகிறவர், அதனால் அந்தப் பெயர்.

"நல்ல காரியம் மாப்ள" என்றார். தெரு முழுக்கக் கேட்டிருக்கும். "போன உயிருக்கு, எடுக்கற வரைக்கும் காது கேக்குமாம். நாலு நல்ல வார்த்த விழட்டும். சத்தமாப் படி."

வேதப் புத்தகம் என்று நினைத்துவிட்டார். இல்லை என்று அவர் காதில் கத்திச் சொல்லக்கூடிய இடமா அது? மெக்கானிக் தொண்டையைச் செருமிக்கொண்டு சத்தமாகப் படித்தார்.

"'நூலகத்தின் கதவைத் திறந்தபோது விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. தரையெங்கும் தாள்கள். அவற்றில் ஒன்றில்கூட ஓர் எழுத்தும் இல்லை.'"

மைக் மாமா கண்ணை மூடிக் கைகளைக் கட்டிக்கொண்டார். சமையலறையிலிருந்து மச்சினி ஓடிவந்தாள். "என்னத்தப் படிக்கறீங்க அத்தான்? நாலு பேரு வந்து போற இடம்."

"அவ பாதில விட்டது."

மச்சினி அக்காவின் முகத்தைப் பார்த்தாள். உள்ளே போகாமல் கதவில் சாய்ந்து நின்றுகொண்டாள்.

இந்தத் தடவை அவர் எதையும் தாண்டவில்லை. அவளுக்கு முன்னால் தாண்டுவதற்கு மனம் வரவில்லை. மூடுபனியையும், மாடிப்படியின் இருட்டையும், தோல் அட்டை போட்ட புத்தகங்களின் வாசனையையும் ஒரு சொல் விடாமல் படித்தார். படிக்கப் படிக்க அந்த வீடு அவருக்குப் பழகியது. அங்கே எதுவுமே வீணாக இல்லை. ஒரு கதவு சாத்தியிருந்தால் அதற்கு ஒரு காரணம் இருந்தது. ஒருவர் பேசாமல் இருந்தால் அதைக் கவனிக்க இன்னொருவர் இருந்தார். இந்த வீட்டில் அவள் பேசாமல் இருந்ததையெல்லாம் அவர் நிம்மதி என்று எடுத்துக்கொண்டிருந்தார். அதை நினைத்தபோது படிப்பது நின்றுபோயிற்று.

"ஏன் நிறுத்திட்ட?" என்றார் மைக் மாமா. "எனக்கு அந்த எழுத்தாளனோட தம்பிக்காரன் மேலதான் சந்தேகம்."

வேதம் இல்லை என்று அவருக்கு எப்போது தெரிந்ததோ தெரியாது. நாற்காலியை மட்டும் இன்னும் நெருக்கிப் போட்டிருந்தார்.

வெயில் சாயும் நேரத்தில்தான் அந்தப் பக்கம் வந்தது. காணாமல்போன கதை கிடைத்துவிடுகிறது. செத்துப்போன எழுத்தாளன் கடைசியாக எழுதியது. அதன் கடைசித் தாளில், டைப் அடிக்கும் பெண் கொலையை ஒத்துக்கொள்கிற மாதிரி அவனே கற்பனையாக எழுதி வைத்திருக்கிறான். அந்தத் தாளை அப்படியே புத்தகத்தின் முடிவிலும் அச்சடித்திருந்தார்கள். அவர் அவசரமாகப் புரட்டிப் பார்த்தது அதைத்தான். பாவம் அந்தப் பெண், கொலை நடந்த அன்று ஊரிலேயே இல்லை.

மெக்கானிக் புத்தகத்தை மடியில் வைத்தார். தப்பாகச் சொல்லியிருக்கிறார்.

"அப்புறம்?" என்று மைக் மாமா அதட்டியபோது வாசலில் கார் வந்து நின்றது. மகள் இறங்கி ஓடிவந்து பெட்டியின் கண்ணாடி மேல் விழுந்தாள். பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். எழுந்து மகளைத் தாங்க வேண்டியவர், எழுந்தார்தான். ஆனால் கால்கள் பின்கட்டுக்குப் போய்விட்டன. துணி துவைக்கிற கல்லருகே நின்றபடியே, மீதியை விழுங்குகிற மாதிரி படித்தார். மனைவி கூடத்தில் கிடக்கிறாள், மகள் அழுகிற சத்தம் கேட்கிறது, இவருக்கோ யார் என்று தெரிந்தாக வேண்டியிருந்தது. வெட்கமாக இருந்தது. இருந்தும் பக்கத்தைத் திருப்பினார்.

யார் என்று தெரிந்தது. அவர் கனவிலும் நினைக்காத ஆள். பெயரை இங்கே சொல்வது முறையில்லை.

திரும்பி வந்தபோது உடலை எடுத்துப்போக வண்டி வந்து காத்திருந்தது. மகள் அழுது ஓய்ந்து பெட்டியோரம் உட்கார்ந்திருந்தாள். அவர் பக்கத்தில் போய்த் தரையிலேயே உட்கார்ந்தார்.

"சித்தி என்னென்னமோ சொல்றாங்கப்பா" என்றாள் மெதுவாக. "எல்லாரையும் வாழ்த்துனாங்களாம். அம்மா அப்படியெல்லாம் பேசற ஆளா? நிஜமா என்ன சொன்னாங்க?"

அவர் சொல்லிவிட்டார். டாக்டர் சொன்னது, கடைசிப் பக்கம், டைப் அடிக்கும் பெண், 'ஏன் சொன்னீங்க', சுவர்ப்பக்கம் திரும்பியது, எல்லாவற்றையும்.

மகள் அவரையே பார்த்தாள். சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் அவளிடமிருந்து வந்தது. "உங்கள யாருப்பா கடைசிப் பக்கத்தப் பாக்கச் சொன்னது?"

"நான் சொன்னது தப்பு. அந்தப் பொண்ணு கொல்லல. இப்பதான் படிச்சேன்."

மகள் பெட்டிப் பக்கம் திரும்பினாள். "அப்ப அம்மாவுக்கு இன்னும் தெரியாது."

"தெரியாது."

"அப்ப நீங்க கெடுக்கலப்பா."

அவர் கண்ணாடிக்குள் பார்த்தார். குனிந்து ஒரே ஒரு பெயரைச் சொல்லிவிடலாம். செய்த தப்பைச் சரிசெய்கிற மாதிரியும் இருக்கும். உதடு வரைக்கும் வந்த பெயரை அவர் விழுங்கிக்கொண்டார்.

"எடுக்கலாமா?" என்று யாரோ கேட்டார்கள். மெக்கானிக்கே எழுந்து சுவிட்சை அணைத்தார். மோட்டார் நின்றது. காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்த சத்தம் அடங்கியதும் கூடம் வெறிச்சோடியது போல ஆயிற்று. அந்த அமைதியில் மைக் மாமாவின் குரல் வெடித்தது.

"மாப்ள, யாருதான் கொன்னது?"

விஷயம் தெரியாதவர்கள் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். மச்சினி நெற்றியில் அடித்துக்கொண்டாள். மெக்கானிக் பதறிப்போய்ப் பெட்டியைப் பார்த்தார். ரகசியமாகச் சொன்னால் மாமாவுக்குக் கேட்காது, கேட்கிற மாதிரி சொன்னால் வீடு முழுக்கக் கேட்கும். ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து, "வாங்க மாமா, வெளிய வாங்க" என்று இழுத்தார்.

"ரெண்டு நிமிஷம்" என்றாள் மகள், தூக்க வந்தவர்களிடம். "அப்பா வந்துரட்டும்."

வாசல் நாற்காலிகளையும், வண்டியையும், அதில் சாய்ந்து நின்ற டிரைவரையும் கடந்து இருவரும் நடந்தார்கள். தெருமுனைக்கு வந்ததும் மைக் மாமா நின்று, காதைக் குவித்துக் காட்டினார். மெக்கானிக் திரும்பிப் பார்த்தார். வீட்டுக் கதவு விரியத் திறந்திருந்தது. பெட்டியின் வெள்ளை விளிம்பு இங்கிருந்தே தெரிந்தது.

தூரம் போதாது என்று பட்டது. மாமாவின் கையை விடாமல் இன்னும் நாலு வீடு தள்ளிக் கூட்டிக்கொண்டு போனார்.