மலக்கி டூஹியின் வியர்வை

பாலிநகுர்ரா கால்பந்துக் கிளப்பின் பெண்கள் அணிக்குக் கொடுக்கப்பட்ட ஒன்பதாம் எண் சட்டை, யாரும் போடாமல் கொடியில் தொங்கும்போதும் வியர்த்தது. வியர்வை மலக்கி டூஹியுடையது. அவர் அந்தச் சட்டையில் கடைசியாக விளையாடிப் பதினாறு வருடம் ஆகியிருந்தது. இப்போது அவர் கிளப்பின் செயலாளர், மாட்டுத் தீவனக் கடை முதலாளி, எடை நூற்றிருபது கிலோ. ஆண்கள் அணிக்குப் புதுச் சட்டைகள் வந்தபோது பழையதைக் கொளுத்திவிடலாமா என்று கமிட்டி யோசித்தது. கொளுத்தினால் ஊரே நாறும் என்று ஒருவர் சொல்லவும், பெண்கள் அணி ஒன்றைத் தொடங்கினார்கள். பதினான்கு சட்டைகளை உரச் சாக்கில் கட்டிக் கொடுத்தார்கள். பதின்மூன்று சும்மா நாறின. ஒன்று மட்டும் சொட்டியது.

அது டெர்வ்லா கின்னேனுக்கு வந்தது. பன்னிரண்டு வயது, வரிசையில் கடைசியாக நின்றவள். முன்னால் நின்ற பெண்கள் ஆளுக்கொரு முறை மோந்துபார்த்துத் திரும்பச் சாக்கில் போட்டுவிட்டார்கள். அவளுடைய அம்மா பெர்னி இறைச்சி ஆலையில் குடல் கழுவும் அறையில் பத்தொன்பது வருடமாக வேலை பார்ப்பவள். நாற்றம் அவளுக்குப் புதிதல்ல. அவள் சட்டையைச் சோடா உப்பில் ஊறவைத்தாள், வினிகரில் கொதிக்கவிட்டாள், ஆலையில் தரை கழுவும் மருந்தைக் கொஞ்சம் கொண்டுவந்து அதிலும் போட்டுப் பார்த்தாள். காலையில் கொடியில் பார்த்தால் அக்குள் இரண்டும் நனைந்திருக்கும். "மாட்டுக் குடல் நாத்தம் சோப்புக்குப் போயிடுதுடீ. இந்தாளு போக மாட்டேங்கிறான்" என்றாள்.

கொஞ்ச நாளில் அதன் நேரம் காலமெல்லாம் பிடிபட்டது. பெண்களுக்கு ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குத்தான் மைதானம் கிடைக்கும். மலக்கி தேவாலயத்தில் பூசை முடிந்து வீட்டில் காலைச் சாப்பாட்டுக்கு உட்காரும் நேரம் அது. முதல் பாதியில் சட்டை பன்றிக் கொழுப்பும் பன்றி இரத்தத் தொத்திறைச்சியும் வியர்க்கும். இரண்டாம் பாதியில் அவர் பப்புக்குப் போய்விடுவார். சட்டையில் புளித்த கருப்பு பீர் இறங்கும். எதிரணிப் பெண்கள் இரண்டடி தள்ளியே நிற்பார்கள். ஒரு முறை நடுவர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு வேலியோரம் வாந்தி எடுத்தார். பிறகு மணியைப் பார்த்து, அதற்கான இரண்டு நிமிடத்தைக் கடைசியில் சேர்த்துக்கொண்டார். டெர்வ்லா விளையாடிக்கொண்டிருந்தாள். கோடையெல்லாம் சதுப்பில் அடுப்பெரிக்க வெட்டிய கரிமண் கட்டிகளைக் குனிந்து அடுக்கிய கால்கள் அவளுடையவை. அம்மாவின் ஷிஃப்ட் முடியும்வரை ஆலையின் பின்சுவரில் இடது காலால் ஆயிரம், வலது காலால் ஆயிரம் என்று அடித்துப் பழகியவள். பதினைந்தாவது வயதில் ஒரே பருவத்தில் நாற்பத்தொரு கோல் போட்டாள்.

அந்த நாற்பத்தொன்றையும் மலக்கி எடுத்துக்கொண்டார். "அது என் சட்டைடா. அதுக்கு வழி தெரியும், அவ பின்னாடி ஓடுறா, அவ்வளவுதான்" என்று பப்பில் சொன்னார். முதலில் சிரித்தவர்கள் பிறகு தலையாட்டினார்கள். பிறகு அவர்களே சொல்ல ஆரம்பித்தார்கள். வட்டாரப் பத்திரிகைக்கு வாராவாரம் கிளப் செய்தி எழுதி அனுப்புவது செயலாளரின் வேலை. "ஒன்பதாம் எண் சட்டை மீண்டும் மூன்று கோல்" என்று அவர் எழுதுவார், அப்படியே அச்சாகும். நான்கு வருடத்தில் டெர்வ்லாவின் பெயர் ஒரே முறைதான் வந்தது. பஸ் கண்ணாடியை உடைத்ததற்காக. ஆண்களின் உடைமாற்றும் அறையைப் பெண்கள் அழுக்காக்கிவிடுவார்கள் என்று பூட்டி வைத்திருந்தார்கள். மைதானத்துச் சாமான் கொட்டகையில் சுண்ணாம்பு மூட்டைக்கும் எலி மருந்துக்கும் நடுவில் நின்று அவள் நான்கு வருடம் அந்த ஈரத்துக்குள் தலையை நுழைத்தாள்.

பதினாறு வயதில் கால்வே நகரத்தில் ஒரு பெரிய கிளப் அவளைக் கேட்டது. அங்கிருந்து வந்த பயிற்சியாளரம்மா கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஆட்டம் முழுக்க நின்று பார்த்தார். வெள்ளிக்கிழமைக்குள் பழைய கிளப்பின் செயலாளர் விடுவிப்புத் தாளில் கையெழுத்துப் போட வேண்டும்; இல்லையென்றால் அந்த இடம் வேறொருத்திக்குப் போய்விடும். வியாழக்கிழமை மதியம் தாயும் மகளும் தீவனக் கடைக்குப் போனார்கள். மலக்கி சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார். சட்டையை வைத்திருந்த டெர்வ்லாவின் கைப்பையிலிருந்து முட்டை வாசம் வந்தது.

"உன்னை யாரும்மா கூப்பிட்டாங்க? சட்டையைக் கூப்பிட்டிருக்காங்க" என்றார்.

"யோவ் மலக்கி, நாலு வருஷமா உன் வேர்வையைத் துவைக்கிறேன். உன் பொண்டாட்டிகூட இவ்வளவு துவைச்சிருக்க மாட்டா. போடுய்யா கையெழுத்தை."

"பெர்னி, கோவப்படாத. அது கிளப்புச் சொத்து. சட்டை ஊரைவிட்டுப் போகாது."

டெர்வ்லா, "சட்டை போக வேண்டாம். அதை இங்கயே வச்சுக்கங்க. நான் மட்டும் போறேன்" என்றாள்.

மலக்கி மெல்லுவதை நிறுத்தினார். இதில் ஏதோ சூது இருக்க வேண்டும் என்று பட்டது. கமிட்டி ஆட்கள் மூன்று பேருக்குப் போன் போட்டார். மூன்று பேரும் யோசித்து, சட்டை இருக்க ஆள் எதற்கு என்று ஒரே பதிலைச் சொன்னார்கள். ஒருவர் சிரித்தது போனுக்கு வெளியேயும் கேட்டது. மூட்டையில் எடை எழுதும் பேனாவால் மலக்கி கையெழுத்துப் போட்டார். "பாவம், சட்டை இல்லாம நீ அங்க போய் என்ன செய்யப் போற?" என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். அவள் பையிலிருந்து அதை எடுத்துக் கொடுத்தாள். அவர் இரண்டு கையாலும் வாங்கி, முகத்தைப் புதைத்து, மூச்சை இழுத்து, "ஆஹா" என்றார். இருபத்துமூன்று வருடம் குடல் கழுவிய பெர்னி வெளியே போய்த் துப்பினாள்.

கால்வேயில் பிளாஸ்டிக் உறை பிரிக்காத சட்டை ஒன்றைக் கொடுத்தார்கள். டெர்வ்லா மோந்துபார்த்தாள், ஒன்றும் வரவில்லை. "இது யாரோடது?" என்று கேட்டாள். "உன்னோடதுதான்" என்று சிரித்தார்கள். ஒரு மணி நேரம் ஓடிய பிறகு உடைமாற்றும் அறையில் உட்கார்ந்து மறுபடி மோந்தாள். நாறியது, எல்லாருடையதையும் போல. தன் வியர்வை எப்படி இருக்கும் என்று அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது. கொஞ்ச நேரம் கழற்றாமலே உட்கார்ந்திருந்தாள். இரண்டு வருடத்தில் நாட்டின் இளையோர் அணிக்கு ஆடினாள்.

ஊரில் சட்டையை மலக்கியின் தம்பி மகளுக்கு மாட்டிவிட்டார்கள். அந்தப் பெண் மூன்றாவது ஆட்டத்தில் மயங்கி விழுந்தாள். கோல் ஒன்றும் வரவில்லை. சட்டைக்கு அலுப்பு என்று கமிட்டி முடிவு செய்து, அதைக் கண்ணாடிச் சட்டகத்தில் போட்டுப் பப்புச் சுவரில் மாட்டியது. கண்ணாடிக்குள் ஈரம் ஏறியது. அடியில் ஓட்டை போட்டு வாளி வைத்தார்கள். டிவியில் டெர்வ்லா கோல் போட்டால் ஆண்கள் முதலில் சட்டகத்தைப் பார்ப்பார்கள். "பாத்தியா, சட்டை எப்படி உழைக்குது!"

டெர்வ்லா போன ஐந்தாவது வருடம் மலக்கி சாப்பாட்டு மேசையில் இருதயம் நின்று இறந்தார். துக்கம் காத்த மூன்று நாளும் சட்டை காய்ந்து கிடந்தது. அடக்கம் செய்த மறுநாள் மறுபடி ஆரம்பித்தது, முன்னைவிட அதிகமாக. "போன இடம் சூடு போல" என்றாள் பெர்னி. பாதிரியார் உட்பட யாரும் மறுக்கவில்லை. பப்பில் பெரிய வாளியாக வாங்கி வைத்தார்கள். திங்கட்கிழமைகளில் அதற்குப் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறாரோ அவர் எடுத்துப்போய்ச் சாக்கடையில் கொட்டிவிட்டு வந்து மிச்ச பீரைக் குடிப்பார்.