ஒரே பேட்டரி

எதையாவது விளக்கிச் சொல்லாவிட்டால் லிஃப்ட் மெக்கானிக்குக்குச் சோறு செரிக்காது. அதனால் போன் கடை வைத்திருக்கும் மச்சினன், "மாமா, உங்க விளையாட்டுல நானும் சேர்றேன். என் ஆளுக்கு என்னென்ன ஆயுதம் எடுக்கறது?" என்று கேட்டதும் அவருக்கு வாயெல்லாம் பல்.

விளையாட்டு என்றால் பல் டாக்டரின் கிளினிக்கில் ஞாயிறு மதியம் நடப்பது. நோயாளிகள் காத்திருக்கும் அறையில் மேசையைச் சுற்றி நாலு பேர். கதை நடப்பது இனிமேல் வரப்போகும் நகரம் ஒன்றில். அங்கே கம்பெனிகள்தான் ராஜா, மனிதர்கள் பாதிக்குப் பாதி இயந்திரம். ஆளுக்கொரு பாத்திரம். டாக்டர் கதையை நடத்துவார், பகடை தீர்ப்புச் சொல்லும். பல் அச்சு எடுத்த வெள்ளைக் கட்டிகள்தான் கட்டடங்கள். செத்த பாத்திரம் செத்ததுதான், திரும்பி வராது. மெக்கானிக்கின் 'காக்கா' வருஷக்கணக்காகச் சாகாமல் தப்பித்து வந்தவன். பழைய லிஃப்ட் கம்பியைப் பிரித்து முறுக்கி, விரல் உயரத்தில் அவனுக்கு ஒரு பொம்மையும் செய்து வைத்திருந்தார்.

"இந்தப் பெரிய துப்பாக்கி நல்லாருக்கே," என்று மச்சினன் விளையாட்டுப் புத்தகத்தின் படத்தில் விரல் வைத்தான்.

"பாக்க நல்லாருக்கும். சந்துக்குள்ள திரும்பினா சுவத்துல இடிக்கும். அதைத் தூக்கிக் குறி வெக்கறதுக்குள்ள எதிராளி உனக்குப் பால் ஊத்திடுவான். கைத்துப்பாக்கி எடு. கவசமும் நெஞ்சை மூடினாப் போதும், இல்லேன்னா ஓட முடியாது."

"கம்பெனிக்காரன் இரும்பு நாயை விட்டா?"

"அதுக்குத்தான் மின்முடக்கி. லேசா தொட்டாலே இயந்திரத்துக்குள்ள ஓடற கரண்டு நின்னுடும். வெறும் மனுஷனுக்கு ஒண்ணும் ஆகாது."

"அப்ப நம்ம காக்கா மேல பட்டா?"

இப்படி ஒரு கேள்வியை இதுவரை யாரும் கேட்டதில்லை. மெக்கானிக் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"உடம்பு தாங்கற இயந்திரத்துக்கு ஒரு அளவு இருக்கில்ல? அதனால கண்ணுக்கும் காலுக்கும் ஒரே பேட்டரி வெச்சேன். இடம் மிச்சம். முழங்கால் அப்படியே லிஃப்ட் பிரேக். கரண்டு இருக்கற வரைக்கும்தான் பிரேக் திறந்திருக்கும். போச்சுன்னா ஸ்பிரிங் தானா கவ்விக்கும். காக்கா கீழ விழமாட்டான். ஆனா கண்ணு தெரியாம அப்படியே நின்னுடுவான்." குரலைத் தாழ்த்தினார். "டாக்டரைத் தவிர யாருக்கும் தெரியாது. வெளிய விட்டுடாத."

"அக்கா புருஷனைக் காட்டிக் குடுப்பனா மாமா?"

சில வாரங்கள் போயின. அந்த மேசையில் ஒரு வழக்கம் உண்டு: ரகசியமாக ஏதாவது செய்ய வேண்டுமென்றால் உள்ளே போய், கதவைச் சாத்திக்கொண்டு டாக்டரிடம் சொல்ல வேண்டும். அன்று மச்சினன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். "கடவாப்பல்லு, டாக்டர்." மெக்கானிக்தான் முதலில் சிரித்தார்.

கதையில் காக்காவும் மச்சினனின் ஆளும் மொட்டை மாடிக்கு ஓடி வந்திருந்தார்கள். கம்பெனி களவாடிய ஜனங்களின் நினைவுகள் முழுவதும் ஒரு சில்லில் இருந்தன. சில்லு காக்காவின் சட்டைப் பையில். அடுத்த மாடிக்குத் தாவினால் தப்பித்தாயிற்று.

"நான் காக்கா தோளைத் தொடறேன்," என்றான் மச்சினன்.

"தைரியம் சொல்றியா?"

"மின்முடக்கியால."

டாக்டர் மெக்கானிக்கைப் பார்க்காமல் பகடையை நகர்த்தினார். மச்சினன் உருட்டினான். விழுந்தது ஆறு.

காக்காவின் கண் அணைந்தது, முழங்கால் கவ்விக்கொண்டது. மாடி விளிம்பில் நட்டு வைத்த கம்பம் மாதிரி நின்றான். சில்லு கைமாறியது. பிறகு கம்பெனி ஆட்கள் வந்து நிதானமாகக் குறி பார்த்தார்கள்.

"போயிட்டான்," என்றார் டாக்டர்.

மெக்கானிக் கம்பிப் பொம்மையை எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டார். "எப்பலேர்ந்து?"

"மொதல்லேர்ந்தே. கூட்டத்துல ஒரு கம்பெனி ஆள் இருந்தா சுவாரசியமா இருக்கும்னு டாக்டர் சொன்னாரு. அப்புறம்தான் உங்ககிட்ட வந்து ஆயுதம் கேட்டேன்."

"அப்ப அந்த நாய்?"

"நாயே கிடையாது மாமா."

வாசலில் ஸ்கூட்டரை உதைத்துவிட்டு மச்சினன் திரும்பினான். "கோவமா? வெளையாட்டுதானே. நீங்க சொன்னதுல ஒரு இடத்துல கூட எனக்குச் சந்தேகமே வரல, அவ்வளவு தெளிவு." மெக்கானிக் பின்னால் ஏறி உட்கார்ந்தார். "இனிமே எல்லாரும் என் ஆளைத்தான் கொல்ல வருவாங்க. இந்தக் கவசம் தாங்குமா, மாத்திடலாமா?"

அந்தக் கவசம் இடது அக்குளுக்குக் கீழே திறந்திருக்கும். பட்டை அங்கேதான் சேர்கிறது. அங்கே ஒரு தகடு வைத்துவிட்டால் போதும். பதில் முழுதாக நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"தெரியலப்பா," என்றார் மெக்கானிக்.