இரண்டாம் குழியின் திரை

பேயைப் பார்த்துவிட்டு வா என்று என்னை அனுப்பியவர் என் முதலாளி தயானந்தன். செடெனாக் என்ற சிற்றூரில் ஒரு கடைவீட்டு மாடியில் எங்கள் கம்பெனி இருக்கிறது. எட்டே பேர். நாங்கள் செய்யும் கேமராப் பெட்டிகளுக்குள் ஓடும் நிரலை எழுதுகிறவள் நான். இத்தனை வருஷத்தில் பிழை கேட்டிருக்கிறேன், புகார் கேட்டிருக்கிறேன், பேய் இதுதான் முதல் தடவை.

"கோத்தா திங்கி செம்பனை எண்ணெய் ஆலையில ரெண்டாம் நம்பர் ஸ்கிரீன்ல செத்தவரு வந்து கை காட்டுறாராம், வசந்தினி. ஆளுங்க பயந்து வேலைக்கு வர மாட்டேங்கிறாங்க. போயி பெட்டிய ரீஸ்டார்ட் பண்ணிட்டு வந்துருங்க லா."

"ரீஸ்டார்ட் பண்ணா பேய் போயிருமா?"

"எல்லாம் போயிரும்," என்றார்.

நான் சிரித்துக்கொண்டேதான் காரை எடுத்தேன்.

ஆலையின் உதவி மேலாளர் கமலநாதன் வாசலிலேயே காத்திருந்தார். படித்த மனிதர், கழுத்துப்பட்டை எல்லாம் கட்டியிருந்தார். சட்டைப்பையில் ஓர் எலுமிச்சம்பழம் துருத்திக்கொண்டிருந்தது. என் கண் அங்கே போனதும், "வீட்டுல குடுத்து விட்டாங்க," என்றார்.

நடந்துகொண்டே விஷயத்தைச் சொன்னார். லாரிகள் கொண்டுவரும் பழக்குலைகளைக் குழியில் கொட்டுவார்கள். குழியின் அடியில் ஓடும் இரும்புச் சங்கிலி குலைகளை உள்ளே இழுத்துப் போகும். சங்கிலியை ஓட்டுகிறவர் தள்ளியிருக்கும் ஓர் அறையில் உட்கார்ந்து, திரையில் குழியைப் பார்த்துவிட்டுப் பொத்தானை அழுத்துவார். அடைப்பு எடுக்க யாராவது குழிக்குள் இறங்குவதென்றால் சங்கிலிக்குப் பூட்டுப் போட வேண்டும் என்பது சட்டம். பூட்டைத் தேடி எடுப்பதற்குள் லாரி வரிசை சாலைவரை நீண்டுவிடும். அதனால் அங்கே வேறொரு பழக்கம். இறங்குகிறவர் கேமராவை நிமிர்ந்து பார்த்துக் கையை உயர்த்திக் காட்டுவார். அறையில் இருப்பவர் அதைக் கண்டால் பொத்தானைத் தொட மாட்டார்.

மூன்று வாரத்துக்கு முன், மத்தியானம் மூன்று பத்துக்கு, ரூபேந்திரன் இரண்டாம் குழிக்குள் இறங்கினார். முப்பத்தொரு வயது. கையை உயர்த்திக் காட்டியதை மேலே நின்ற லாரிக்காரர் பார்த்திருக்கிறார். ஆனாலும் சங்கிலி ஓடியது.

"ஓட்டினது காளிதாஸ். போன நோண்டிக்கிட்டு இருந்திருப்பாரு. ஸ்கிரீன பார்த்தேன், குழி காலியா இருந்துச்சுன்னு மூணு வாரமா அதையே சொல்லிக்கிட்டு இருந்தாரு. இன்னைக்குத்தான் வழிக்கு வந்தாரு. பார்க்கலன்னு நாலு மணிக்கு எழுதிக் குடுக்கப் போறாரு."

"படம் எதுவும் பதிவாகலையா?"

"உங்க பெட்டி பதிவு பண்ணாதே," என்றார். அது உண்மைதான். பதிவு வேண்டாம் என்று அவர்கள்தான் கேட்டிருந்தார்கள்.

அறைக்குள் காளிதாஸ் தனியாக உட்கார்ந்திருந்தார். ஐம்பதைத் தாண்டியவர். ஒரே ஒரு திரைதான் எரிந்துகொண்டிருந்தது, 'குழி 2' என்று ஒட்டியிருந்த திரை. பக்கத்தில் ஒன்றாம் குழியின் திரை இருந்த இடத்தில் நாலு ஆணித் துளைகள்தான் இருந்தன. அந்தக் குழியைப் பழுது பார்க்க மூடி நாலு மாதமாகிறதாம். சாவுக்குப் பிறகு இரண்டாம் குழியும் நின்றுவிட்டது. புதுக் கட்டடத்தில் இருக்கும் மூன்றாம் குழியை வைத்துத்தான் ஆலை ஒப்பேற்றிக்கொண்டிருந்தது.

"நான் பார்த்தேன்னுதாம்மா நினைச்சேன்," என்றார் காளிதாஸ். "எல்லாரும் சொல்லச் சொல்ல எனக்கே சந்தேகமாயிருச்சு. பார்க்காமத்தான் இருந்திருப்பேன். இல்லன்னா அவன் ஏம்மா தினமும் வந்து எனக்குக் கை காட்டுறான்?"

நான் ஏதோ ஆறுதலாகச் சொல்ல வாயெடுத்தேன். அவர் திரையைக் காட்டினார். மணி மூன்று பத்து.

காலியாகக் கிடந்த குழிக்குள் ஓர் ஆள் இறங்கினான். மஞ்சள் தலைக்கவசம். நிமிர்ந்து நேராக எங்களைப் பார்த்தான். கையை மெதுவாக உயர்த்தினான். கமலநாதன் எலுமிச்சம்பழத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். காளிதாஸ் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். எனக்குப் பயமாக இருந்தது.

பயம் வந்தால் எனக்குக் கோபமும் கூடவே வரும். இரண்டாம் குழிக்கு ஓடினேன். காய்ந்த சிமெண்ட், துருப்பிடித்த ஏணி, ஒரு வாடிய மாலை. ஆள் இல்லை. திரும்பி ஓடிவந்து பார்த்தால் திரையில் அவன் சுவரில் சாய்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பேய்க்குக் கால் வலிக்குமா என்ன?

மடிக்கணினியைப் பெட்டியில் மாட்டினேன். இரண்டாம் திரைக்குப் படம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். ஒன்றாம் கேமரா என்றது. இன்னொரு தடவை கேட்டேன். அதே பதில்.

பெட்டிக்குள் ஒரு பட்டியல் இருக்கும், இந்தத் திரைக்கு இந்தக் கேமரா என்று. மின்சாரம் வந்ததும் அந்தக் குறிப்பைப் பிடித்துக்கொண்டு போய், உரிய கேமராவைக் கண்டுபிடிப்பது என் நிரலின் வேலை. கேமரா இன்னும் விழிக்கவில்லை என்றால் காத்திருக்க வேண்டும். அதுவரை திரை கறுப்பாகத்தான் கிடக்கும். கிடக்கட்டும், கறுப்புத் திரையை யாரும் நம்ப மாட்டார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன் ஒரு வாடிக்கையாளர் வந்து உட்கார்ந்திருந்தபோது இரண்டாம் கேமரா எழத் தாமதித்தது. திரை கறுப்பு. தயானந்தன் பக்கத்தில் நின்று தொண்டையைச் செருமினார். நான் அவசரமாக ஒரு வரி சேர்த்தேன்: உரியது கிடைக்காவிட்டால் முதலில் கிடைப்பதை எடுத்துக்கொள். பக்கத்தில் ஒரு குறிப்பும் எழுதினேன். 'இன்றைக்கு மட்டும். நாளைக்கு எடுத்துவிட வேண்டும். வ.' படம் வந்தது, வாடிக்கையாளர் கைகுலுக்கினார், எல்லோரும் ரொட்டி சானாய் சாப்பிடப் போனோம். அந்த வரி இன்னும் அங்கேயே இருந்தது, என் பெயரின் முதல் எழுத்தோடு.

பெட்டி கடைசியாக உயிர்பெற்ற நேரத்தைப் பார்த்தேன். ரூபேந்திரன் இறந்த அன்று, மத்தியானம் இரண்டு நாற்பது.

"அண்ணே, அன்னைக்குக் கரண்ட் போச்சா?"

"ரெண்டரைக்கு ட்ரிப் ஆச்சும்மா. பத்து நிமிஷத்துல வந்துருச்சு. அடைப்பு எடுக்கணும்னு லாரி எதுவும் கொட்டல, அதான் குழி காலியா தெரிஞ்சது எனக்கு வித்தியாசமா படல."

ஒரு தடவை பிடித்த கேமராவைப் பெட்டி, அதை அணைத்துப் போடும்வரை விடாது. அதற்குப் பிறகு பெட்டியை யாரும் தொடவில்லை. இரண்டு குழிகளும் ஒரே அச்சு. மூன்று வாரமாக அந்தத் திரை ஒன்றாம் குழியைத்தான் காட்டிக்கொண்டிருந்தது.

ஒன்றாம் குழியின் கதவில் சங்கிலி போட்டிருந்தார்கள், ஆனால் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தது. உள்ளே அவன் இருந்தான். என்னைப் பார்த்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். தலைக்கவசத்தில் ரூபேந்திரன் என்று பேனாவால் எழுதியிருந்தது.

"நான் தம்பிக்கா. கதிரேசு. ரேம்ப்ல குலை இறக்குற வேலை. அண்ணன் போன நேரத்துக்கு வந்து கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போவேன். அங்க இறங்க முடியலக்கா. இதுவும் அதே மாதிரிதானே இருக்கு. யாருகிட்டயும் சொல்லிராதீங்க."

"ஏன் கை காட்டினீங்க?"

என்ன கேள்வி இது என்பதுபோல் பார்த்தான். "இறங்கினா கை காட்டணும்லக்கா? அண்ணன்தான் பழக்கிவிட்டுச்சு. காட்டிட்டா காளிதாஸ் அண்ணன் பார்த்துக்குவாரு."

நான் வெளியே வந்தேன். கைப்பேசி அடித்தது. தயானந்தனிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"ரீஸ்டார்ட் பண்ணுங்க, வசந்தினி," என்றார். "பண்ணா எல்லாம் சரியாயிரும். செத்தவரு திரும்பி வரப் போறதில்ல. நம்ம எட்டு குடும்பத்த நினைச்சுப் பாருங்க."

அறைக்குத் திரும்பினேன். மணி மூன்று ஐம்பது. காளிதாஸ் முன்னால் ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் வைத்திருந்தார்கள். பெட்டியின் பொத்தான் மீது என் விரல் இருந்தது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் இருந்தது. அழுத்தினால் இரண்டாம் கேமரா ஒழுங்காக எழுந்துவிடும், பேய் மறைந்துவிடும், கமலநாதன் எனக்கு நன்றி சொல்லித் தேநீர் வாங்கித் தருவார். காளிதாஸ் தான் பார்த்ததைப் பார்க்கவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு, சாகும்வரை அதை நம்புவார்.

விரலை எடுத்துவிட்டேன்.

"அண்ணே, எழுதாதீங்க. நீங்க பார்த்தீங்க. நீங்க பார்த்தது காலிக் குழிதான். ஆனா அது ரெண்டாம் குழி இல்ல. கரண்ட் போயி வந்ததுல ஸ்கிரீன் மாறிருச்சு. அப்படி மாறுற மாதிரி எழுதி வச்சது நான்தான்."

கதிரேசு என் பின்னால் வந்து வாசலில் நின்றிருந்தான். தலைக்கவசத்தைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டான். அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"அலமாக்," என்று தலையில் கைவைத்தார் கமலநாதன். "என்ன பேசுறீங்க? படம்தான் நல்லா வருதே?"

"பெட்டிய யாரும் தொடாதீங்க. வாக்கி டாக்கி ஒண்ணு குடுங்க. பூட்டும் வேணும்."

இந்தத் தடவை பூட்டைத் தேடி எடுத்தார்கள். சங்கிலிக்கு நானே பூட்டுப் போட்டுச் சாவியைப் பையில் வைத்துக்கொண்டேன். இரண்டாம் குழியின் ஏணியில் இறங்கினேன். மாலைக்குப் பக்கத்தில், சிமெண்ட் கறுத்துப் போயிருந்த இடத்தில் நின்றேன். மேலே கேமரா இருந்தது. நான் நிரல் எழுதிய கேமராதான், ஆனால் அதன் முன்னால் ஒரு நாளும் நின்றதில்லை.

"அண்ணே, ஸ்கிரீன பாருங்க. நான் ரெண்டாம் குழியில நிக்கிறேன். கை காட்டுறேன்."

கையை உயர்த்தினேன். வாக்கி டாக்கி கொஞ்ச நேரம் இரைந்தது.

"யாரும் இல்லம்மா," என்றார் காளிதாஸ். பிறகு அவர் அழுவது கேட்டது. "காலியாத்தாம்மா இருக்கு. அன்னைக்கும் இப்படித்தான் இருந்துச்சு."

நான் கையை இறக்கவில்லை.