திங்கட்கிழமை வாயில் வந்த சொல்

லாயிட் ஹெண்ட்ரிக்சன் இருபத்திரண்டு வயதில் போருக்குப் போனார். திரும்பி வந்து, மிச்சிகன் ஏரிக்கரையில் அப்பா விட்டுப்போன ஏணிப் பட்டறையை எடுத்து நடத்தினார். ஆனாலும் கடற்படை அவரை முழுதாக விடவில்லை. பதினான்கு வருஷமாக, மாதத்தில் ஒரு சனி ஞாயிறு அதிகாரி உடுப்பை மாட்டிக்கொண்டு ரிசர்வ் படைப் பயிற்சிக்குப் போய்விடுவார். திங்கட்கிழமை மறுபடி முதலாளி. உடுப்பு மாறுகிற வேகத்தில் நாக்கு மாறுவதில்லை என்பதுதான் சிக்கல்.

பயிற்சி முடிந்து வந்த அந்த ஜூலைத் திங்கட்கிழமை, செர்ரித் தோட்டக்காரர் வெர்னன் டட்டில் போன் செய்தார். போரில் மாலுமியாக இருந்தவர். வாயைத் திறந்தால் கப்பல் முழுக்கக் கேட்கும். பழம் முந்திக்கொண்டு பழுத்துவிட்டது, வெள்ளிக்கிழமைக்குள் அறுபது ஏணி வந்தாக வேண்டும் என்றார். பட்டறையில் வாரத்துக்கு நாற்பதுதான் தேறும். முடியாது என்று சொல்லத்தான் லாயிட் வாயெடுத்தார்.

"ஐ ஐ, சார்" என்று வந்துவிட்டது.

கப்பலில் அது வெறும் 'சரி' அல்ல. கேட்டேன், புரிந்தது, செய்து முடிப்பேன் என்ற வாக்கு. டட்டில் மறுபேச்சில்லாமல் போனை வைத்துவிட்டார்.

பட்டறையை மேய்க்கும் கிளாடிஸ் நோவாக் இடுப்பில் கை வைத்தாள். "பலகை அடிச்சுத் தரச் சொல்லி உங்க வீட்டம்மா ரெண்டு வருஷமா கேக்கிறாங்க முதலாளி. அவங்களுக்கு ஒருநாளும் இந்த வார்த்தை வரலையே?"

வாய் தவறிவிட்டது என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் அடுத்த மாதப் பயிற்சியில், தன் கீழ் இருக்கும் முப்பது பேர் எதிரில் நின்று அதே சொல்லை எந்த முகத்தோடு கேட்பது? யோசித்தவர், அந்த முப்பது பேருக்கே போன் போட்டார்.

தினமும் வேலை முடிந்ததும் பத்துப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். முடிவெட்டுகிறவர் மரம் இழைத்தார். தபால்காரர்கள் படி பொருத்தினார்கள். துளை போடும் வேலை பல் டாக்டருக்கு. "இதுக்கு வலிக்காது டாக்டர், தைரியமாக் குடைங்க" என்றாள் கிளாடிஸ்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அறுபது ஏணியும் தோட்டத்தில் இறங்கின. கடைசி நான்கில் வார்னிஷ் காயவில்லை. தடவிப் பார்த்த டட்டிலின் விரல் ஒட்டிக்கொண்டது.

"இன்னும் மூணு பட்டறையில கேக்கணும்னு இருந்தேன்," என்று சிரித்தார். "நீங்க சொன்ன சொல்லைக் கேட்டதும் பட்டியலைக் கிழிச்சுட்டேன். நான் சல்யூட் அடிக்க வேண்டிய அதிகாரி எனக்கு ஐ ஐ சொன்னா, வேற யாரை நம்புறது?"

எல்லாருக்கும் செர்ரிப் பழம் வைத்துச் சுட்ட 'பை' பலகாரம் வந்தது. லாயிட் முதல் துண்டை எடுக்கும்போதே டட்டில் குரலை உயர்த்தினார்: "அடுத்த வருஷம் எண்பது. ஜூன் முடியறதுக்குள்ள."

லாயிட்டின் வாய் திறந்தது. கிளாடிஸ் பாய்ந்து ஒரு பெரிய துண்டை அதில் அடைத்தாள்.

வாய் அடைபட்டதுதான். கை தன்பாட்டுக்கு நெற்றிக்கு ஏறிவிட்டது.