வாடகைக் கழுத்து

மாஸ்டரின் கழுத்து வலி அந்தக் குடும்பத்தில் ஓர் ஆள் மாதிரி. வீட்டுக்கு வருகிறவர்கள் பிள்ளைகளை விசாரித்த கையோடு கழுத்தையும் விசாரித்துவிட்டுத்தான் உட்காருவார்கள். டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவர் அவர். ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பவருக்கு இடப்பக்கத்து சீட்டில், காலடியில் தனி பிரேக்கோடு உட்கார்ந்திருப்பார். நாள் முழுக்க ஓட்டுகிறவர் பக்கம் திரும்பி, "கிளட்சை மெதுவா விடுங்க, ஐயோ மெதுவா" என்று கெஞ்சிக் கெஞ்சியே கழுத்து தேய்ந்துவிட்டதாகச் சொல்வார். சாப்பிடும்போது முனகுவார், செய்தி கேட்கும்போது முனகுவார். தூக்கத்தில் முனகுவதாக அவர் மனைவி சொல்வதில் மட்டும் கொஞ்சம் சந்தேகம் உண்டு.

அந்த முனகலை அவரைவிட நன்றாகச் செய்பவள் சின்னவள். மாஸ்டருடைய மனைவியின் தங்கை. பகலெல்லாம் ஒரு வங்கியின் தொலைபேசிப் பிரிவில் உட்கார்ந்து, திட்டுகிறவர்களுக்கெல்லாம் நன்றி சொல்லிவிட்டு வருவாள். அந்தப் பணிவை மாலையில் அக்கா வீட்டில்தான் தீர்த்துக்கொள்வாள். பட்டென்று உள்ளங்கையால் கழுத்தைப் பிடித்து, கண்ணை மேலே சொருகி, "இந்தப் பிறவியில இது போகாது" என்று அத்தான் இழுக்கிற இழுப்பை அப்படியே இழுப்பாள். பிள்ளைகள் தரையில் உருண்டு சிரிப்பார்கள். போன வருஷம் அக்காவின் பிறந்தநாளில் அவள் அடித்த கூத்தை யாரோ செல்போனில் பிடிக்க, அவளே அதை இணையத்தில் போட்டுவைத்தாள். ஊர் பேர் தெரியாதவர்கள்கூடப் பார்த்துச் சிரித்தார்கள்.

விபத்து அதற்குப் பிறகுதான் நடந்தது. கற்றுக்கொள்ள வந்த ஒரு பெண்மணி, வாழ்க்கையில் முதல்முறையாகச் சிக்னலில் குலுங்காமல் காரை நிறுத்தியிருந்தார். மாஸ்டர் மனதாரப் பாராட்டிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்த கார் ஒன்று வந்த வேகத்திலேயே இடித்தது. அந்தப் பெண்மணிக்கு ஒரு கீறல்கூட இல்லை. மாஸ்டருக்குக் கழுத்து இடப்பக்கம் திரும்ப மறுத்துவிட்டது. இடது கைவிரல்கள் மரத்துப்போயின.

இடப்பக்கம்தான் பைக்குகள் இண்டு இடுக்கில் நுழைகிற பக்கம். அந்தப் பக்கம் பார்க்க முடியாத ஆளைக் காரில் உட்காரவைக்க ஸ்கூல் முதலாளிக்குத் துணிவில்லை. விண்ணப்பங்களில் போட்டோ ஒட்டுகிற மேஜையில் உட்காரவைத்தார். நீண்ட சிகிச்சை எடுத்தால் மறுபடி காரில் ஏறலாம் என்று டாக்டர் சொன்னார். அதற்கு ஆகும் செலவைக் கேட்டதும் அக்கா தண்ணீர் வாங்கிக் குடித்தாள். இடித்த காரின் இன்ஷூரன்ஸ் கம்பெனி நஷ்ட ஈடு கொடுத்தால்தான் உண்டு.

சின்னவளைக் கலங்கவைத்தது வேறொன்று. விபத்துக்குப் பிறகு அத்தான் முனகுவதையே விட்டுவிட்டார். கோந்து காய்ந்த விரல்களோடு வந்து, பேசாமல் சாப்பிட்டு, பேசாமல் படுத்தார். வீடு ஏதோ காலியான மாதிரி இருந்தது.

நஷ்ட ஈட்டுக்காக அவர்கள் பிடித்த வக்கீலம்மா முதல் நாளே தெளிவாகச் சொல்லியிருந்தார். பழைய வலி இருந்தால் நஷ்ட ஈடு கிடைக்காது என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம், இருந்ததை இடி எவ்வளவு மோசமாக்கியதோ அதற்குக் கம்பெனி பதில் சொல்லியாக வேண்டும், ஆனால் பழையதை மறைத்தால் புதியதையும் நம்ப மாட்டார்கள் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். மாஸ்டர் மட்டும் ஆட்ட முடியாமல் கையை ஆட்டினார்.

படி இறங்குவதற்குள் அக்கா கட்சி மாறிவிட்டாள். வக்கீல்கள் அப்படித்தான் சொல்வார்கள், நம் வாயால் நாமே ஏன் கெடுத்துக்கொள்ள வேண்டும் என்றாள். அன்றிலிருந்து வீட்டில் கழுத்து என்ற சொல்லுக்குத் தடை. மாஸ்டரின் பழைய தலையணை பரணுக்குப் போனது. சின்ன மகன் ஒட்டகச்சிவிங்கி வரைந்ததைக்கூடத் தோளோடு நிறுத்தச் சொன்னாள். ஒத்திகை வேறு நடந்தது. அந்த ஒத்திகையின் பலனாக, கம்பெனி டாக்டர் பரிசோதனையில் இதற்கு முன் கழுத்து வலி உண்டா என்று கேட்டபோது மாஸ்டர் ஒரு படி மேலே போய்விட்டார்.

"கழுத்தா? எனக்குக் கழுத்துன்னு ஒண்ணு இருக்கறதே இப்பதான் சார் தெரியும்."

சில வாரங்களில் வக்கீலம்மா போன் செய்தார். கம்பெனிக்காரர்கள் ஒரு வீடியோவைக் கண்டுபிடித்திருக்கிறார்களாம். அதில் ஆடுகிற பெண் யாரோ, அவளையும் பேச்சுவார்த்தைக்கு அழைத்துவரச் சொன்னார்.

கம்பெனி அலுவலகத்தில் குளிர் எலும்பைத் தொட்டது. நீள மேஜை, நடுவில் யாரும் தொடாத பிஸ்கட். எதிரே கம்பெனி வக்கீலும் அந்த டாக்டரும். சுவரில் இருந்த பெரிய திரையில் சின்னவள் ஆளுயரத்துக்குத் தோன்றி, கழுத்தைப் பிடித்து, கண்ணைச் சொருகி, பிறவியைப் பற்றிப் புலம்பினாள். டாக்டர் பேனாவைக் கடித்துக்கொண்டார். தோள்கள் குலுங்கின. கம்பெனி வக்கீல் ஜன்னல் பக்கம் திரும்பி வெகுநேரம் தொண்டையைச் செருமினார். பிறகு முகத்தை இறுக்கிக்கொண்டு, இது பல வருஷத்து வலி, அதோடு எங்கள் டாக்டரிடம் பொய் வேறு, ஆகவே கொடுப்பதற்கு ஒன்றுமில்லை என்றார்.

வக்கீலம்மா அக்காவைப் பார்த்தார். அக்கா பிஸ்கட்டைப் பார்த்தாள். மாஸ்டர் தன் மரத்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். இனி ஆயுசுக்கும் போட்டோ ஒட்ட வேண்டியதுதான் என்று அந்த முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

கம்பெனி வக்கீலுக்கு அதோடு விட மனமில்லை. உங்கள் அத்தான் தினமும் இப்படித்தான் செய்வாரா, கொஞ்சம் செய்துகாட்டுங்கள் என்றார்.

சின்னவள் எழுந்தாள். எப்படிச் செய்தாலும் அத்தானுக்குத்தான் கேடு என்று தெரிந்தது. ஆனாலும் கை பழக்கத்தில் தானாக ஏறி, பட்டென்று கழுத்தின் வலப்பக்கத்தில் உட்கார்ந்தது. அங்கேயே நின்றது. கையை எடுத்து இடப்பக்கம் வைத்துப் பார்த்தாள். அது அத்தானே இல்லை, வேறு யாரோ. மறுபடி வலப்பக்கம் வைத்தாள். அத்தான் வந்துவிட்டார்.

"சார், எங்க அத்தான் இடது பக்கம் கையே வைக்க மாட்டார். அந்தப் பக்கத்துல அவருக்கு வலியே கிடையாது. அந்த வீடியோவோட கடைசியை மட்டும் இன்னொரு தடவை போடுங்க."

போட்டார்கள். திரையில் நிஜ மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்து கேக் தின்றுகொண்டிருந்தார். அவருடைய இடப்பக்கத்தில் நின்று சின்னவள் புலம்பியதும் வெடுக்கென்று தலையைத் தோள் வரை திருப்பி, "அடியே, என் கழுத்தை எடுத்து ஆடுறியே, வாடகை குடு" என்றார். அவ்வளவு சுலபமாக, ஆந்தை மாதிரி.

செல்போன் படத்தில் வலது இடது மாறித் தெரியும் என்றார் கம்பெனி வக்கீல். டாக்டர் எழுந்து திரைக்கு அருகே போனார். மாஸ்டரின் சட்டையில் அச்சடித்திருந்த டிரைவிங் ஸ்கூல் பெயரை, போன் நம்பர் உட்பட, இடமிருந்து வலமாக உரக்கப் படித்தார். எதுவும் மாறவில்லை. பிறகு மாஸ்டரை இடப்பக்கம் திரும்பச் சொன்னார். மாஸ்டர் முயன்றார். சுழல் நாற்காலிதான் கிரீச்சிட்டு அவரோடு சேர்ந்து திரும்பியது, கழுத்து நின்ற இடத்திலேயே நின்றது. இதற்கு யாரும் சிரிக்கவில்லை.

"வலது எங்களோடது. அதுக்கு நாங்க ஒண்ணும் கேக்கலை" என்றார் வக்கீலம்மா. "இடது நீங்க குடுத்தது."

மாஸ்டர் நாற்காலியோடு டாக்டர் பக்கம் திரும்பினார்.

"பயத்துல பொய் சொல்லிட்டேன் சார். வலது பக்கம் வருஷக்கணக்கா வலிக்குது. எப்படின்னு சொல்லட்டுமா?"

சொல்லுங்கள் என்று டாக்டர் பேனாவை எடுத்தார். பாவம், அவருக்கு மாஸ்டரைத் தெரியாது. காலையில் எழுந்ததும் ஒரு இழுப்பு, பல் தேய்க்கும்போது ஒரு குத்தல், தும்மினால் ஒரு மின்னல், மழைக்கு ஒன்று, வெயிலுக்கு ஒன்று என்று மாஸ்டர் ஆரம்பித்தார். பல நாள் அடக்கிவைத்தது மடை திறந்து கொட்டியது. டாக்டர் தாள் மாற்றினார். கம்பெனி வக்கீல் தன்னை அறியாமல் ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்தார். போதும் நிறுத்துங்கள் என்று அக்கா முழங்கையால் இடித்துப் பார்த்தாள். சின்னவளுக்கோ கண்ணில் தண்ணீர் தளும்பியது. வீட்டில் காணாமல் போன ஆள் திரும்பி வந்து முனகிக்கொண்டிருந்தார்.

சொன்ன பொய்யை வைத்துக் கம்பெனி கொஞ்ச காலம் இழுத்தடித்தது. ஆனால் டாக்டர் எழுதிய அறிக்கை இரண்டு பக்கத்தையும் பிரித்துக் காட்டிவிட்டதால், கடைசியில் இடப்பக்கத்துச் சிகிச்சைக்கும் இழந்த சம்பளத்துக்கும் பணம் வந்தது. தலையணை பரணிலிருந்து இறங்கியது. ஒட்டகச்சிவிங்கிக்கும் மீதி முளைத்தது.

அக்காவின் அடுத்த பிறந்தநாளுக்கு எல்லோரும் கூடினார்கள். ஆடச் சொல்லிப் பிள்ளைகள் பிடுங்கினார்கள். சின்னவள் யோசித்து, வேண்டாமென்று நினைத்து, பிறகு வேண்டுமென்றே அத்தானுக்கு இடப்பக்கமாகப் போய் நின்று கழுத்தைப் பிடித்தாள். சிரிக்கத் திறந்த வாய்களெல்லாம் அப்படியே நின்றன. மாஸ்டர் கேக்கைக் கீழே வைத்தார். துருப்பிடித்த கேட் மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாக, ஆனால் நாற்காலி அசையாமல், தலை திரும்பி அவளைப் பார்த்தது.

"வாடகை போன வருஷமே பாக்கி" என்றார்.

சொல்லி முடிப்பதற்குள் அவருடைய உள்ளங்கை பட்டென்று போய்க் கழுத்தின் வலப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டது.